உபாத்தியாயர் தரும் சிபார்சுக் கடிதம்

(ஸ்ரீபெரும்புதூரில் கூடிய நமது சங்கத்தார் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கின. அதன்பின் ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் உழைக்கும் நம்மவரின் மக்களுட் சிலர் இன்று அன்னிய தேசத்துச் சர்வகலாசாலைகளை நாடுகின்றனர். இது நாம் மகிழத்தக்கதே. ஆயின் மார்க்குகளை மாத்திரம் நம்பியிருந்து, கடைசி வாரத்தில் சட்டசபை அங்கத்தினரிடமும் சங்கத் தலைவரிடமும் சிபார்சுக் கடிதம் வேண்டி ஓடுகின்றோம். பிள்ளையின் கல்வியை நேரிற் கண்டறியாதவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் எழுத்தால் விளையும் பயன் யாது?

நல்ல சிபார்சு எத்தன்மையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கணித மேதை இராமாநுஜன் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்; சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாயிருந்தவர். 1913-ம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய கணக்குகளைக் கண்ணுற்ற கில்பர்ட் வாக்கர் என்னும் வானிலை ஆராய்ச்சித் தலைவர், சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் வரைந்தார். வெறும் புகழுரை அதிலில்லை. தாம் கண்ட வேலையின் புதுமையைக் கேம்பிரிட்ஜ் கலாசாலை அறிஞர் ஒருவரின் வேலைக்கு ஒப்பிட்டார். அதிலுள்ள குறையையும் மறையாது கூறினார். அத்துறையில் தாம் நிபுணரல்லர் என்பதையும் ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகள் ஜீவனக் கவலையின்றி அவர் ஆராய்ச்சி செய்ய உதவுதல் தகும் என்றார். அவ்வாண்டே மாதம் 75 ரூபாய் உதவிச் சம்பளம் கிடைத்தது. 1914 மார்ச்சில் இராமாநுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

இன்றும் முறை அதுவே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலை, கணிதமோ விஞ்ஞானமோ போதிப்பவர் ஒருவர், மொழி, சரித்திரம் முதலியவை போதிப்பவர் ஒருவர் ஆக இருவர் கடிதங்களைக் கேட்கின்றது. உபாத்தியாயரே அவற்றை நேராக அனுப்புகின்றார். நன்னடத்தைப் பத்திரம் போன்ற பொதுச் சொற்கள் அங்கே செல்லா. நாமே எழுதிக் கையொப்பம் மாத்திரம் கேட்பதோ பொய்யாகும். பிள்ளையின் நன்மதிப்பையே அது கெடுக்கும்.

ஆதலின் பெற்றோர் செய்யவேண்டுவன சில உள. பதினோராம் வகுப்பிலேயே பிள்ளை ஐயங்களைக் கேட்டு உபாத்தியாயருக்கு அறிமுகமாக வேண்டும். வேலையிடம் மாறினும், இறுதி இரண்டாண்டுகளில் பள்ளியை மாற்றாதிருத்தல் நன்று. மாறியவர் பழைய உபாத்தியாயரை மறவாதிருப்பாராக. இயன்றால் இரண்டு மாதம் முன்னரே கடிதத்துக்கு வேண்டிக்கொள்க. பிள்ளை செய்த சோதனை, எழுதிய கட்டுரை, தோற்றுப் பின் தேறிய பாடம் இவற்றை ஒரு தாளிற் குறித்துக் கொடுக்க. பெரிய வகுப்புகளை ஏற்று நடத்தும் உபாத்தியாயருக்கு ஒவ்வொருவரையும் நினைவில் வைத்தல் எளிதன்று. அத்தாள் அவருக்குப் பேருதவியாம்.

நமது சங்கமும் பெரியோர் கடிதம் தேடித் தருவதை விடுத்து, ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் பெற்றோரைக் கூட்டி இம்முறைகளை விளக்குமாயின், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வாயில் திறக்கும். இதனை நம்மவர் சிரத்தையுடன் மேற்கொள்வார்களாக.