வில்லின் வளைவைச் சமன் செய்தல்



செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். நம் நாகப்பூ மரத்துக்கு அது உறவு. நாகலிங்க மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மரத்தால் பெயர் பெற்ற அந்தச் செம்பவாங்கில், அடுக்குமாடி வீட்டு நடைவழியில் உட்கார்ந்து, கைக்கத்தியும் அரமுமாக நாம் வில் ஒன்று செய்யத் தொடங்கினோம். நாம் எடுத்துக்கொண்டது செம்பவாங் மரமன்று, மூங்கில். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நான்கையும் வில்லுக்குரிய பொருள்களாகச் சொல்கிறது. அவற்றுள் எளிதில் கிடைப்பது மூங்கில்தான்.

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. குறியை நோக்கியிருப்பது முதுகு. எய்பவரை நோக்கியிருப்பது வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நசுக்கப்படுகிறது. மூங்கிலின் வலிய நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருங்கியிருப்பதால், தோல் பக்கத்தை முதுகாக வைத்து, அதில் கத்தி படாமல் காத்து, உட்புறத்தை மட்டுமே சீவ வேண்டும்.

வில் செய்வதென்றால் கழியை வளைத்துக் கட்டுவதுதானே என்று பலர் எண்ணுகிறார்கள். கழி எங்கே மெலிவாக இருக்கிறதோ அங்கேதான் வளையும். மற்ற இடம் சும்மா இருக்கும். பாரம் முழுவதும் அந்த ஓரிடத்தில் விழ, அங்கே முறியும். ஆகவே இரு கைகளும் தம் நீளம் முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி சிறிது சிறிதாகச் சீவுவதே உண்மையான வேலை.

அதற்கு ஒரு பலகை போதும். அதன் தலையில் வில்லின் பிடியைப் பொருத்தி, தளர்ந்த நீண்ட கயிற்றை இரு நுனிகளிலும் கட்டி, பலகையின் ஓரத்தில் அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிய பள்ளங்களில் கயிற்றை இழுத்து மாட்டுகிறோம். பிறகு பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். நேராகவே நிற்கும் இடம் விறைப்பு. திடீரென மடியும் இடம் மெலிவு. கண்ணுக்கு ஐயமானால் ஒரு சாண் நீளச் சட்டத்தை வயிற்றின் மேல் நகர்த்திச் சென்று, அதன் கீழ்த் தெரியும் இடைவெளியைக் கவனிக்கலாம். விறைப்பான இடத்தில் பென்சிலால் குறியிட்டு அங்கே மட்டும் சீவ வேண்டும். மெலிந்த இடத்தைத் தொடவே கூடாது; மற்ற இடங்களைத்தான் அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது வில்லின் வலிமை குறையும். வேறு வழியில்லை.

எவ்வளவு சீவுவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பத்து மில்லிமீட்டர் கனத்தை ஒன்பதாக்கினால், அந்த இடத்தின் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தை அதே விகிதத்தில் குறைத்தால் பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆதலால் நான்கைந்து முறை சுரண்டியதும் நிறுத்தி, வில்லை இருபது முப்பது தடவை சிறிதளவே வளைத்து விட்டு, பிறகு பார்க்க வேண்டும். சீவிய மாறுதல் உடனே தெரியாது.

இன்னொரு விதி. முப்பது ராத்தல் வில் வேண்டுமென்றால், தராசு முப்பதைக் காட்டிய இடத்தில் இழுப்பதை நிறுத்த வேண்டும், வில் அரையளவே வளைந்திருந்தாலும். வளைவில் குறை தெரிந்தாலோ, முப்பதை எட்டுமுன்பே நிறுத்த வேண்டும். குறையைத் தீர்த்தபின்தான் அடுத்த பள்ளம்.

இந்த விதியை நாம் அறிந்திருந்தும் மீறினோம். பிடிக்கு ஒரு சாண் மேலே மடிப்பு இருந்தது, பார்த்தோம். இன்னும் ஒரே ஒரு பள்ளம் என்று இழுத்தோம். பட்டாசு வெடித்தாற்போல் ஓசை. மூன்று வார வேலை இரண்டு துண்டாகித் தரையில் கிடந்தது. ஒரு சிம்பு கன்னத்தைக் கீறிவிட்டது. இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை 1938இல் திறக்கப்பட்டது. தளத்தின் பட்டறைகள் 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாயின. அங்கே தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் மாடியில் இருக்கிறார். ஓசை கேட்டு வந்தவர், துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மடிப்பு தெரிஞ்சுதுல்ல, தம்பி? தெரிஞ்சுமா இழுத்தீங்க?” என்றார். நம்மிடம் பதில் இல்லை.

முறிவின் வயிற்றுப் பக்கத்தில் முடியிழை போன்ற சுருக்கங்கள் இருந்ததையும் அவரே காட்டினார். நார் நசுங்கியதன் அடையாளம் அது. ஈரமும் ஒரு காரணம் என்றார். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். அதிலும் நாம் இருப்பது ஜொகூர் நீரிணையின் ஓரம். ஈரம் ஏறிய மூங்கில் எளிதில் நசுங்கும், நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும். இரண்டாம் வில்லுக்கான மூங்கிலைக் குளிர்சாதன அறையில் பல வாரம் உலர்த்தினோம். எடை குறைவது நின்ற பிறகே கத்தி வைத்தோம்.

அந்த வில் இருபத்தைந்து ராத்தலில் முடிந்தது. ஐந்து ராத்தல் போனதில் வருத்தம்தான். கீழ்க்கையை மேற்கையைவிடச் சற்றே விறைப்பாக விட்டிருக்கிறோம்; பிடிக்கும் கை கீழ்க்கைக்கு அருகில் இருப்பதால் அப்படி விடுவது வழக்கம். முதுகில் ஒட்டுத்துணி ஒன்றும் ஒட்டியிருக்கிறோம், சிம்பு எழுந்தால் பறக்காமலிருக்க.

வில் கைக்கு வந்ததும் சிறுவர்கள் அம்பில்லாமலே நாணை இழுத்து விடுவார்கள். அதைத் தடுத்துவிடுங்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசையெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை முறித்துவிடும். அந்த அம்பைச் செய்யும் விதத்தை அடுத்த உரையில் பார்ப்போம்.