திரையில் நிரை பிடிப்போம்



குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை நேரம். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் கணினி முன் அமர்ந்து வரலாற்றுப் பாடவேலை செய்கிறாள். செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வந்த தகப்பனார் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த எலியைப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்கே?" என்கிறார். "ஒண்ணைப் பார்த்தா ஒண்ணு மறைஞ்சிடுதுப்பா" என்கிறாள் மகள்.

அவள் சொல்வது உண்மைதான். கணினியில் நாம் திறக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு சட்டத்துக்குள் தோன்றும். அதற்குச் சாளரம் என்று பெயர். கேள்வித்தாள் ஒரு சாளரம், எழுதும் தாள் இன்னொன்று, அகராதி மற்றொன்று. இவை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால், அடியில் இருப்பதைத் தேடி எடுக்கவே பொழுது போய்விடும்.

ரப்பர்த் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மரங்கள் நிரை நிரையாக நிற்பதால்தான் பால் வெட்டுபவர் விடியற்காலை இருட்டிலும் அடுத்த மரத்தைத் தேடி அலைவதில்லை. அந்த முறையைத் திரைக்கும் கொண்டுவரலாம். முதல் சாளரத்தைத் திறந்தால் திரை முழுவதும் அதற்கே. இரண்டாவது வந்தால் சரிபாதி. மூன்றாவது வந்தால் மூன்று பங்கு. ஒன்றை மூடினால் மற்றவை விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். பங்கு பிரிப்பது கணினியின் வேலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் விசைப்பலகையாலேயே.

இது புதிய எண்ணமன்று. 1985இல் வந்த முதல் விண்டோஸ் சாளரங்களைப் பக்கம் பக்கமாகத்தான் வைத்தது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்புதான் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க விட்டது. பிறகு அதுவே ஊர்ப் பழக்கமாயிற்று. பழைய வழியை விரும்பியவர்கள் லினக்ஸில் அதை வளர்த்தார்கள். 2006இல் டி.டபிள்யூ.எம். வந்தது. 2009இல் மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் என்ற ஜெர்மானியர் எழுதிய ஐ-த்ரீ வந்தது. இரண்டும் இலவசம். டி.டபிள்யூ.எம். நிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்பது அதைச் செய்தவர்கள் வைத்துக்கொண்ட விதி. இவ்வளவு சிறியதாக இருப்பதால் பழைய கணினியும் அதிகம் திணறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதே, வீட்டிலிருக்கும் பெட்டியைத் தூக்கிப் போடவா என்று கேட்கும் பெற்றோர் இதை யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லினக்ஸ் ஏற்றும்போது பழைய கோப்புகள் அழிந்துபோகக்கூடும். பிள்ளையின் பாடவேலைகளை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், விண்டோஸிலேயே இன்றிரவு பாதி வேலை நடக்கும். 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்திக்கொண்டு இடது அம்பைத் தட்டினால் சாளரம் இடப்பாதியில் ஒட்டும். வலது அம்பைத் தட்டினால் வலப்பாதியில். கேள்வித்தாள் இடப்பக்கம், எழுதும் தாள் வலப்பக்கம். ஆனால் இங்கே ஒவ்வொன்றையும் நாமேதான் ஒட்டவேண்டும். ஐ-த்ரீ தானாகவே செய்யும்.

ஐ-த்ரீயில் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், மறைப்பானேன்! எந்த விசை எதற்கு என்பது நினைவில் நிற்காது. நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தமிழ் தட்டெழுதப் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் தெரியும். எழுத்தைத் தேடிய விரல்தான் பிறகு தேடாமல் போய்த் தட்டியது. தேவையான ஐந்தாறு விசைகளை ஒரு தாளில் பெரிதாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.