ரசிகரின் கடமை

பாட்டு என்று ஒன்று இருக்குமானால் பாடுபவர் ஒருவர் வேண்டும். கேட்பவர் ஒருவரும் வேண்டும். பாடுபவர் இன்னின்ன செய்தல் வேண்டும், இன்னின்ன செய்தலாகாது என்று நம் முன்னோர் விரிவாகவே கூறியிருக்கின்றனர். கேட்பவருக்கும் கடமை உண்டா என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு நிகழ்ந்ததில்லை. கைதட்டிவிட்டு எழுந்து போனால் நம் பங்கு முடிந்தது என்றே நம்மிற் பலர் எண்ணி வருகின்றோம். உரிய மதிப்பைப் பெறாமல் ஒதுங்கியிருந்த ஒரு குரல் நெடுநாளைக்குப் பின் மறுபடியும் ஒலிக்கும்போது, அதைக் கேட்கின்ற நாம் செய்யத்தக்கது என்ன என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்னும் பகுதியை அறியாத தென்னாட்டுத் தமிழர் அரியர். 1931ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த இரயில் நிலையமும், அதன் எதிரே அமைந்த பேருந்து நிலையமும், சுற்றிலும் உள்ள தங்கும் விடுதிகளும் திரையரங்குகளுமாக அந்த இடம் எந்நேரமும் கலகலப்பாக இருக்கும். நாகர்கோவிலுக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குரல்களை அங்கே எப்போதும் கேட்கலாம். பேருந்து நிலையத்தின் பக்கத்திலே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அமைத்த இந்தியன் காபி ஹவுஸ் நிற்கிறது. படிக்கட்டு இல்லாமல், நத்தையின் ஓட்டைப்போல் வளைந்து வளைந்து மேலேறும் செங்கற் கட்டடம் அது. வட்டமாகச் செல்லும் சரிவான வழியின் ஓரத்திலே மேசைகள் வரிசையாக அமைந்திருக்கும்.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுதில் வண்டிக்கு நேரம் இருந்தமையால் நாம் அங்கே சென்று அமர்ந்திருந்தோம். அடுத்த மேசையில் கல்லூரி மாணவர் இருவர் ஒரு கைப்பேசியில் மலையாளப் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஓர் ஆண்குரலும் ஒரு பெண்குரலும் இணைந்து பாடிய பாட்டு அது. அவர்களுக்கு எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் காபியைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், பாடியவர் யாவர் என்று தெரியுமா என அவர் வினவினார். ஆண்குரல் ஜெயச்சந்திரனுடையது என்று மாணவர் சொல்லினர். பெண்குரல் யாரோ புதிய பெண்ணுடையதாக இருக்கலாம் என்றனர். முதியவர் சிரித்தார். “மக்களே, அந்தப் புதிய பெண்ணுக்கு வயது அறுபத்தெட்டு. வாணி ஜெயராம் என்று பெயர். நீங்கள் பாட்டை நண்பர்களுக்கு அனுப்பும்போது அந்தப் பெயரையும் எழுதி அனுப்புங்கள்” என்றார். மாணவர் இருவரும் வியப்புடன் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பின்பு அதில் ஒருவர் அப்பெயரின் எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்தார்.

அந்தப் பாட்டு ‘ஓலஞ்ஞாலிக் குருவி’ என்பது. அவ்வாண்டு ஜனவரி மாத இறுதியில் வெளியான ‘1983’ என்னும் திரைப்படத்திற்காகக் கோபி சுந்தர் இசையமைத்தது. படம் திரைக்கு வருமுன்னரே பாட்டு கைக்குக் கை மாறிக் கேரளம் முழுவதும் பரவியிருந்தது. அதைப் பரப்பியவர்களிற் பெரும்பாலோர், அந்த இரு குரல்களும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிறந்திராதவர்கள் என்பதே இதில் வியக்கத்தக்கது.

அம்முதியவர் கேட்டுக்கொண்டது சிறிய காரியம்தான். ஆயினும் பெயரைச் சேர்த்துச் சொல்லுவது என்பது நம் நாட்டு மெல்லிசையின் வரலாற்றிலேயே பெரியதொரு செய்தி. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டிற்கு இசைத்தட்டு வெளியானபோது, அதில் பாடியவரின் பெயர் இல்லை. திரையில் அப்பாட்டைப் பாடுவதாகத் தோன்றிய கதாபாத்திரத்தின் பெயராகிய ‘காமினி’ என்பதே அச்சிடப்பட்டிருந்தது. பின்னணி பாடுவோரின் பெயரை வெளியிடாமல் இருப்பது அந்நாளைய வழக்கம். பாட்டை வானொலியில் கேட்ட நேயர்கள், ‘இதைப் பாடியவர் யார்?’ என்று கேட்டுக் கடிதங்களைக் குவித்தனர். வானொலி நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் விசாரித்துப் பெயரைத் தெரிந்து அறிவித்தனர். லதா மங்கேஷ்கர் என்ற பெயர் நாடெங்கும் பரவியது அவ்வாறுதான். ரசிகர் ஒன்றுகூடிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னர் ரசிகர் கையில் அஞ்சலட்டை ஒரு கருவியாயிற்று. இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி 1952இல் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ நிகழ்ச்சிக்காக ஊர்தோறும் நேயர் மன்றங்கள் தோன்றின. இசைத்தட்டு விற்பனையோடு இம்மன்றங்களின் கருத்தும் சேர்ந்தே எந்தப் பாட்டு எந்த இடத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்தது. அன்று பீகாரில் இருந்து இன்று ஜார்க்கண்டில் அமைந்துள்ள ஜும்ரி தலையா என்ற ஊர், அபிரகச் சுரங்கங்களைக் காட்டிலும் வானொலிக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளால் பெயர் பெற்றது. நம் தமிழ் நேயர்களும் இதில் பின்வாங்கியவர்கள் அல்லர். ‘நேயர் விருப்பம்’ கேட்டு எழுதி, தம் பெயரும் குடும்பத்தார் பெயரும் ஒலிக்கக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ உண்டு. அந்நிகழ்ச்சியில் நேயரின் பெயரைச் சொல்லும் அறிவிப்பாளர், படத்தின் பெயரையும், பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுவார். கேட்கக் கேட்க அப்பெயர்கள் நம் மனத்தில் தாமே பதிந்தன. இன்று கைப்பேசி வழியாகப் பறந்துவரும் பாட்டுகளில் பெரும்பாலும் அப்பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன.

இனி வாணி ஜெயராம் அவர்களின் வரலாற்றைக் காண்போம். வெளிமாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு அவ்வரலாறு தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. வேலூரில் 1945இல் பிறந்த கலைவாணி என்னும் சிறுமி, இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகளைக் கேட்டு அவற்றைப் பாடிப் பழகியவர். எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடியவர். வளர்ந்த பின் வங்கியிலே பணி. திருமணத்திற்குப் பின் பம்பாய் வாசம். கணவர் ஜெயராமின் ஊக்கத்தால் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசை பயின்று, வங்கி வேலையையும் விட்டார். 1971இல் ‘குட்டி’ என்னும் இந்திப் படத்தில் வசந்த் தேசாயின் இசையில் பாடினார். அப்படத்தின் பாட்டு நாடு முழுவதும் ஒலித்தது. இளமையில் எந்த வானொலியை ஆவலுடன் கேட்டாரோ, அதே வானொலியின் பினாகா கீத்மாலாவிலும் அது இடம்பெற்றது.

நேயர்கள் விரும்பிக் கேட்ட குரலுக்கு வாய்ப்புகள் தொடர்ந்து வந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வாறு நிகழவில்லை. அந்நாளைய இந்தித் திரையிசையில் பெண்குரலுக்குரிய வாய்ப்புகள் பெரும்பாலும் ஓரிருவரிடமே குவிந்திருந்தன. 1979இல் வெளியான ‘மீரா’ படத்தில் பண்டித ரவிசங்கர் இவரையே பாட வைத்தார் என்பது உண்மை. எனினும் அத்தகைய வாய்ப்புகள் அரியனவாகவே இருந்தன. அதற்கு முன்பே, 1974இல், அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தமிழில் ‘அபூர்வ ராகங்கள்’ படத்திற்கும், தெலுங்கில் ‘சங்கராபரணம்’, ‘ஸ்வாதி கிரணம்’ படங்களுக்கும் தேசிய விருதுகள் பெற்றார். ‘ஸ்வப்னம்’ என்னும் படத்தில் சலீல் சௌத்ரியின் இசையில் 1973இல் மலையாளத்தில் அடியெடுத்து வைத்து, அம்மொழியிலும் ஏராளமாகப் பாடினார். பின்னர் அங்கும் வாய்ப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. அஞ்சலட்டை வானொலி நிலையத்தின் கதவைத் திறக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவை அது எப்போதும் திறப்பதில்லை. ரசிகரின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே இருப்பவர் ஒருவர் மனம்வைத்து அழைத்தால்தான் பாடகர் மறுபடி உள்ளே செல்ல முடியும். 2014இல் கோபி சுந்தர் அவ்வாறு அழைத்தார்.

உடன் பாடிய ஜெயச்சந்திரன் அவர்களின் நிலையும் இதற்குத் தொலைவானதன்று. 1960களின் நடுவில் பாடத் தொடங்கிய அவர், ஜேசுதாஸ் என்னும் பெருங்குரல் மலையாளத் திரையிசையை ஆண்ட காலம் முழுவதிலும் இரண்டாம் இடத்திலேயே வைத்துப் பேசப்பட்டவர். தமிழர் அவரை ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் வாயிலாக மறவாமல் வைத்திருக்கின்றனர். சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்த அவரை 1999இல் வெளியான ‘நிறம்’ படத்தின் பாட்டு மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. அதற்குக் கேரள அரசின் பரிசும் கிடைத்தது. ஆக, இரண்டாம் வரவின் சுவையை முன்பே அறிந்த ஒருவரும், அதற்காகக் காத்திருந்த ஒருவரும் சேர்ந்து பாடிய பாட்டுத்தான் தம்பானூரில் நாம் கேட்டது.

அதன் பின் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். அழைத்தவர் இசையமைப்பாளர், அழைப்பு வீணாகவில்லை என்று காட்டியவர்கள் கேட்டவர்கள். 2016இல் ‘ஆக்‌ஷன் ஹீரோ பிஜு’ படத்தில் ஜெர்ரி அமல்தேவின் இசையில் ஜேசுதாஸுடன் இணைந்தும், ‘புலிமுருகன்’ படத்தில் கோபி சுந்தரின் இசையிலும் வாணி ஜெயராம் பாடினார். எழுபது வயதிலும் மலையாளம் அவரை மறுபடி மறுபடி அழைத்தது. திறந்த கதவு உடனே மூடிவிடாமல் பிடித்துக்கொள்ளுவது ரசிகரின் வேலை. அந்த வேலையைக் கேரளத்து மக்கள் ஒரு தமிழ்ப் பெண்மணிக்குச் செய்தனர் என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

பிற நாடுகளிலும் இத்தகைய காரியங்கள் நடைபெற்றுள்ளன. அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் 1970இலும் 1971இலும் வெளியிட்ட இசைத்தட்டுகள் அவருடைய நாட்டில் விலைபோகவில்லை. தென்னாப்பிரிக்காவிலோ அவை வீடுதோறும் ஒலித்தன. அச்செய்தி அவருக்கே தெரியாது! அவர் இறந்துவிட்டார் என்று நம்பியிருந்த ரசிகர் சிலர் தேடித் துருவி அவரைக் கண்டுபிடித்தனர். 1998இல் அவர் அங்கு சென்று பாடியபோது பெருங்கூட்டம் கூடியது. மரியா கேரி என்னும் பாடகி 2001 செப்டம்பர் 11ஆம் நாள், நியூயார்க் தாக்குதல் நடந்த அதே நாளில், வெளியிட்ட ‘கிளிட்டர்’ என்னும் இசைத்தொகுப்பு கவனிப்பாரற்றுப் போயிற்று. 2018இல் அவருடைய ரசிகர்கள் தமக்குள் பேசிக்கொண்டு அதை விலைகொடுத்து வாங்கி இணைய விற்பனை வரிசையில் முதலிடத்திற்கு ஏற்றினர்.

இந்த ஆர்வத்தில் ஒரு தீங்கும் கலந்திருக்கிறது. ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டார்கள் என்ற எண்ணிக்கை இன்று யாவருக்கும் தெரியும்படி காட்டப்படுகிறது. அந்த எண்ணை உயர்த்துவதற்காகக் கைப்பேசியின் ஒலியை அடக்கிவிட்டு இரவு முழுவதும் பாட்டை ஓடவிடும் ரசிகர்கள் இருக்கின்றனர். கேளாத பாட்டைக் கேட்டதாகக் கணக்கெழுதுவது பாடகருக்குச் செய்யும் தொண்டாகுமா? அந்நாளில் அஞ்சலட்டை எழுதியவர்களிலும் பாட்டைவிடத் தம் பெயர் ஒலிப்பதையே பெரிதாக எண்ணியவர்கள் உண்டு. ஆயினும் அவர்கள் அமர்ந்து கேட்டனர். கேட்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

எனவே ரசிகரின் கடமை என்று நாம் கருதுவன மூன்று. முதலாவது, பாடியவரின் பெயரை அறிந்து, பாட்டோடு அதையும் சேர்த்துப் பிறர்க்குச் சொல்லுதல். அச்சிட்ட தாளில் தன் பெயரைக் காணாமலே காலம் தள்ளும் மொழிபெயர்ப்பாளர் நாம் ஆகையால், இதன் அருமை நமக்குச் சற்று மிகுதியாகவே தெரியும். இரண்டாவது, இசைத்தட்டாயினும் கச்சேரியாயினும் உரிய விலைகொடுத்துக் கேட்டல். மூன்றாவது, இவற்றைக் காலத்தில் செய்தல்.

இந்த மூன்றாவதையே நாம் வற்புறுத்த விரும்புகிறோம். 2023ஆம் ஆண்டு குடியரசு நாளையொட்டி வாணி ஜெயராமுக்குப் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதை நேரில் சென்று பெறுமுன், பிப்ரவரி 4ஆம் நாள், அவர் மறைந்தார். ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9ஆம் நாள் மறைந்தார். அவர்கள் மறைந்த நாள்களில் அவ்விருவருடைய பாட்டுகளும் எங்கும் ஒலித்தன. அந்த ஒலியை அவர்கள் கேட்கவில்லை. தம்பானூரில் அம்முதியவர் சொல்லியபடி மாணவர் அனுப்பிய பெயர் எத்தனை பேரிடம் சென்றதோ, நாம் அறியோம். ஆனால் அது சென்ற காலத்தில் அப்பெயருக்குரியவர் உயிருடன் இருந்தார். அதற்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார்.

நேயர்களே, நீங்கள் பம்பாயில் இருக்கலாம், கல்கத்தாவில் இருக்கலாம், தில்லியில் இருக்கலாம். நீங்கள் வாழும் ஊரிலும், ஒருகாலத்தில் வானொலியில் ஒலித்து இப்போது ஓய்ந்திருக்கும் குரல் ஒன்று இருக்கக்கூடும். அது தமிழ்க் குரலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வேலூரில் பிறந்த குரலைத் திருவனந்தபுரத்தார் தம்முடையதாகக் கொள்ளவில்லையா? அக்குரலுக்குரியவர் மீண்டும் ஒரு பாட்டுப் பாடினால், அமர்ந்து முழுவதும் கேளுங்கள். பின்னர் அவருடைய பெயரையும் எழுதி, நாலு பேருக்கு அனுப்புங்கள். அவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.