கட்டாயம் பேசும் ஆட்டம்

சீட்டுக்கட்டில் ராஜா பெரியவர், ராணி அவருக்கு அடுத்தவர், ஜாக்கி இருவருக்கும் கீழே. இது நமக்குப் பழகிப்போன வரிசை. பிரான்சில் அச்சாகும் சீட்டுகளில் ஜாக்கியின் மூலையில் 'வி' என்ற எழுத்து இருக்கும். 'வாலே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது. வாலே என்றால் ஊழியன். அந்த ஊழியன் தன் நேரம் வரும்போது ராணியையும் ராஜாவையும் ஏஸையும் தாண்டி முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆட்டம் ஒன்று பிரான்சில் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவி, வீட்டுக் கூடத்திலும் காபிக்கடை மேசையிலும் நிலைத்துவிட்ட அந்த ஆட்டத்தின் பெயர் பெலோட். அதை எப்படி ஆடுவது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கூடவே ஒரு கருத்தையும் முன்வைக்கிறேன். பெலோட்டைப் புதிதாகப் பார்ப்பவரை மிரள வைப்பவை அதன் கட்டாயங்கள்: இதைப் போட்டே ஆக வேண்டும், இதை வெட்டியே ஆக வேண்டும் என்ற விதிகள். அந்தக் கட்டாயங்கள்தான் மற்றவர் கையை நமக்குக் காட்டும் கண்கள் என்பது என் வாதம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஆடுபவர்கள் நான்கு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். கட்டில் ஆறு வரையுள்ள சின்னச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஏழு முதல் ஏஸ் வரை இனத்துக்கு எட்டாக 32 சீட்டுகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டதும், அடுத்த சீட்டு எல்லோரும் பார்க்கும்படி மேசையில் திருப்பி வைக்கப்படும். அந்தச் சீட்டின் இனத்தைத் துருப்பாக ஏற்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. வரிசையாக ஒவ்வொருவரும் ஏற்கலாம் அல்லது விட்டுவிடலாம். நால்வரும் விட்டுவிட்டால் இரண்டாம் சுற்று. அதில் வேறொரு இனத்தின் பெயரைச் சொல்லித் துருப்பாக்கலாம். அதற்கும் யாரும் முன்வராவிட்டால் அந்தச் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்தவர் புதிதாகப் போடுவார். யாராவது ஏற்றுவிட்டால், திருப்பி வைத்த சீட்டு அவருக்கே போகும். அவருக்கு மேலும் இரண்டு, மற்றவர்களுக்கு மும்மூன்று எனப் போட்டதும் ஆளுக்கு எட்டுச் சீட்டு கையில் இருக்கும். ஆளுக்கொரு சீட்டாக நான்கு சீட்டு விழுவது ஒரு பிடி; ஆக, எட்டுப் பிடிகளுக்கான ஆட்டம்.

இனி மதிப்பு. துருப்பல்லாத மூன்று இனங்களில் ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3, ஜாக்கிக்கு 2. ஒன்பது, எட்டு, ஏழு ஆகியவற்றுக்கு ஒன்றுமில்லை. வலிமையின் வரிசையும் இதுவேதான். பத்து ராஜாவை வெல்லும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. துருப்பு இனத்தில் இந்த வரிசை கலைந்துவிடுகிறது. அங்கே ஜாக்கிதான் தலைவன், அவனுக்கு 20. அடுத்தது ஒன்பது, அதற்கு 14. பிறகு ஏஸ், பத்து, ராஜா, ராணி என்று பழைய மதிப்பிலேயே இறங்கி வந்து, எட்டும் ஏழும் மதிப்பின்றி முடியும். கூட்டிப் பாருங்கள். துருப்பல்லாத இனம் ஒவ்வொன்றிலும் 30, மூன்றுக்கும் சேர்த்து 90. துருப்பில் மட்டும் 62. மொத்தம் 152. கடைசிப் பிடியைப் பிடிப்பவருக்கு 10 கூடுதல் என்பதால் ஆட்டத்தின் முழுத்தொகை 162. துருப்பை ஏற்ற அணி எதிரணியைவிட அதிகம் எடுக்க வேண்டும், அதாவது குறைந்தது 82. எடுக்கத் தவறினால் 162-ம் எதிரணிக்கே போய்விடும். துருப்பின் ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால், முதலாவதை இறக்கும்போது 'பெலோட்' என்றும் இரண்டாவதை இறக்கும்போது 'ரெபெலோட்' என்றும் சொல்லி 20 பெறலாம். அந்த ரெபெலோட் என்ற சொல் மேசையை விட்டு இறங்கிப் பிரெஞ்சுக்காரர்களின் அன்றாடப் பேச்சிலும் புகுந்துவிட்டது. நடந்ததே மறுபடியும் நடந்தால் அவர்கள் சொல்லும் சொல் அதுதான். இப்படி ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்து, பெரும்பாலும் 1000 புள்ளியை முதலில் தொடும் அணி வெற்றி பெறும்.

நம் நேயர்களில் சிலருக்கு ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் கிடைக்கும் இந்த மரியாதை புதிதாக இருக்காது. தென்னிந்தியாவில் ஆடும் இருபத்தெட்டிலும், யாழ்ப்பாணத்தில் ஆடும் முன்னூற்று நாலிலும் முதலிடம் ஜாக்கிக்கு, இரண்டாமிடம் ஒன்பதுக்கு. முன்னூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. இனத்துக்கு 76 வீதம் நான்குக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அந்தக் கூட்டுத்தொகைதான். பெலோட்டும் இவையும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்றும், நம் பக்கத்துக் கிளை டச்சுக்காரர்கள் வழியாக வந்திருக்கலாம் என்றும் சீட்டாட்ட வரலாற்றை ஆராய்வோர் கருதுகிறார்கள். நாம் சொல்லும் 'கிளாவர்' என்ற பெயர் டச்சு மொழியில் அதே சீட்டுக்கு உள்ள பெயரோடு ஒத்துப்போவதும் கவனிக்கத்தக்கது. ஒரு வேறுபாடு முக்கியமானது. இருபத்தெட்டிலும் முன்னூற்று நாலிலும் நான்கு ஜாக்கிகளும் எப்போதும் பெரியவர்கள். பெலோட்டில் துருப்பான ஜாக்கி மட்டும் உயர்கிறான். மற்ற மூவரும் ஊழியர்களாகவே இருக்கிறார்கள். பெலோட்டில் ஒரு சீட்டுக்கு நிலையான மதிப்பு கிடையாது. எந்த இனம் துருப்பு என்று முடிவான பிறகுதான் கையிலிருப்பது 20 புள்ளியா, வெறும் 2 புள்ளியா என்பது தெரியும்.

இப்போது கட்டாயங்களுக்கு வருவோம். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இது பிடி எடுக்கும் ஆட்டங்கள் பலவற்றிலும் உள்ளதுதான். அந்த இனம் இல்லை, எதிரணியின் சீட்டு முன்னால் நிற்கிறது என்றால், துருப்பு இருக்கும் பட்சத்தில் அதைப் போட்டு வெட்டியே ஆக வேண்டும். எதிரணி ஏற்கெனவே வெட்டியிருந்தால் அதைவிடப் பெரிய துருப்பால் வெட்ட வேண்டும். பெரியது இல்லாவிட்டால் சின்னத் துருப்பையாவது போட்டாக வேண்டும். துருப்பே இறக்கப்பட்டிருந்தால், முன்னால் நிற்பது கூட்டாளியின் சீட்டானாலும், அதைவிடப் பெரியது இருந்தால் அதைத்தான் போட வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு: கையில் இல்லாத இனம் இறக்கப்பட்டு, கூட்டாளி முன்னால் நின்றால் வெட்ட வேண்டியதில்லை, விரும்பிய சீட்டைக் கழிக்கலாம்.

இந்த விதிகள் என்ன செய்கின்றன என்பதை ஒரே ஒரு பிடியை வைத்துப் பார்க்கலாம். கிழக்கும் மேற்கும் ஓர் அணி, வடக்கும் தெற்கும் ஓர் அணி. துருப்பு ஆட்டின், அதாவது இதயம். கிழக்கு கிளாவர் ஏஸை இறக்குகிறார். அடுத்திருக்கும் தெற்கிடம் கிளாவர் இல்லை; முன்னால் நிற்பதோ எதிரணி. ஆகவே ஆட்டின் எட்டால் வெட்டுகிறார். அடுத்து மேற்கு. அவரிடமும் கிளாவர் இல்லை. எட்டைவிடப் பெரிய துருப்பு இருந்தால் போட்டே ஆக வேண்டிய இடத்தில் அவர் போடுவது ஆட்டின் ஏழு. கடைசியாக வடக்கு, பிடி தன் கூட்டாளிக்கே போகிறது என்று கண்டு, கையிலிருந்த கிளாவர் பத்தைத் தயங்காமல் வைக்கிறார். ஏஸுக்கு 11, பத்துக்கு 10 என 21 புள்ளி தெற்கின் அணிக்கு. புள்ளியைவிடப் பெரிய லாபம் அந்த ஏழில் இருக்கிறது. மேற்கிடம் ஜாக்கி இல்லை, ஒன்பது இல்லை, ஏஸ் இல்லை, பத்து இல்லை, ராஜாவும் ராணியும் இல்லை. எட்டும் ஏழும் மேசைக்கு வந்துவிட்டதால், அவர் கையில் இனி ஒரு துருப்புகூடக் கிடையாது. மதிப்பே இல்லாத ஒரு சீட்டு விழுந்து ஆறு பெரிய சீட்டுகள் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டது. இது ஊகமன்று, உறுதி. விதி கட்டாயப்படுத்தாமல் இருந்திருந்தால் அந்த ஏழுக்கு ஆயிரம் பொருள் சொல்லலாம். மேற்கு தன் ஜாக்கியை ஒளித்து வைத்திருக்கிறார் என்றுகூட நினைக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கையில் இருப்பதையும் விதி சொல்வதையும் போடுவதுதான் ஆட்டம் என்றால், ஆடுபவருக்கு என்ன வேலை? பிரிட்ஜில் இனம் இல்லாதவர் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். அந்தச் சுதந்திரம் உயர்ந்ததில்லையா? அந்தச் சுதந்திரத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரிட்ஜில் ஒருவர் வெட்டாமல் விட்டதிலிருந்து அவரிடம் துருப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெலோட்டில், எதிரணி முன்னால் நிற்கும்போது, முடியும். இங்கே ஆடுபவரின் தேர்வு வேறு இடங்களுக்கு நகர்கிறது. எதை முதலில் இறக்குவது, எதிரணியின் துருப்புகளை இப்போதே வெளியே இழுப்பதா, பொறுப்பதா, கூட்டாளியின் பிடியில் கனமான சீட்டைச் சேர்ப்பதா, கடைசிப் பிடியின் 10 புள்ளிக்காக எதைக் காப்பது என்ற கேள்விகள் அத்தனையும் அவர் கையில். மற்றவர் எதைப் போட்டாக வேண்டும் என்று அறிந்து, அதற்கேற்ப இறக்குவதே இதன் கலை. குறளுக்கு ஏழு சீர் என்ற கட்டு இருப்பதால் கவிஞனுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை அல்லவா?

இரண்டாவது மறுப்பு அதிர்ஷ்டம். நல்ல சீட்டு வந்தவன் வெல்கிறான், இதில் அறிவுக்கு என்ன இடம் என்பார்கள். ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் ஐந்து சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் வராத சீட்டுகளைக் கணித்து, ஏற்பதா விடுவதா என்று முடிவெடுப்பவர் ஆடுபவர்தான். கையில் துருப்பு ஜாக்கி இருந்து, திருப்பி வைத்தது ஒன்பது என்றால், அந்த இரண்டிலேயே 34 புள்ளி. மீதி 48-க்கு வழி உண்டா என்று அவர்தான் கணக்கிட வேண்டும். தவறினால் தண்டனை முழு 162. இன்னொன்று, மரபான பெலோட்டில் ஓர் ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைக் கலைக்க மாட்டார்கள். பிடிகளைச் சேர்த்து அடுக்கி, கட்டை இரண்டாகப் பிரித்து மாற்றி வைப்பதோடு சரி. அதனால் போன ஆட்டத்தில் ஒன்றாக விழுந்தவை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். கவனித்தவருக்கு அதுவும் ஒரு தடயம். அதிர்ஷ்டத்தைக்கூட நினைவாற்றலால் கொஞ்சம் படிக்க இந்த ஆட்டம் இடம் கொடுக்கிறது.

மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்து வரக்கூடியது: சீட்டு என்றாலே சூது. பணம் வைத்தால் எந்த விளையாட்டும் சூதாகும், பெலோட்டும் விலக்கில்லை. ஆனால் ரம்மியைப் பணத்தோடு சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெலோட்டில் பந்தயம் புள்ளிகளே. 1000-க்கான ஓட்டத்தில் பணத்துக்கு வேலையில்லை. அதைவிட, கூட்டாளியோடு பேசக்கூடாது, சாடை காட்டக்கூடாது என்பது இதன் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1929-இல் மேடையேறிய மார்செல் பாஞோலின் 'மாரியுஸ்' நாடகமே சாட்சி. அதில் மார்செய் துறைமுகத்து மதுக்கடையில் ஒரு சீட்டாட்டக் காட்சி வருகிறது. சேசார் என்பவர், இதயத்தைக் குறிக்கும் சொல்லை வருத்தம் போலச் சொல்லித் தன் கூட்டாளிக்கு ஆட்டின் என்று உணர்த்தப் பார்க்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்றால், மேசையின் மௌனம் மீறக்கூடாதது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான்.

பேசக்கூடாத மேசையில் நால்வரும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? விதி அவர்களுக்காகப் பேசுகிறது. விழும் ஒவ்வொரு சீட்டும், மற்றவர் நம்பக்கூடிய ஒரு வாக்குமூலம். ஆகவே நேயர்களே, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இந்த ஆட்டத்தை நீங்கள் தொடங்கினால், முதல் நாளிலேயே புள்ளிகளைக் கூட்டத் தவறினாலும் கவலைப்பட வேண்டாம். எதிரணி முன்னால் நிற்க ஒருவர் வெட்டாதபோதும், சின்னத் துருப்பைப் போடும்போதும் மட்டும் கவனியுங்கள். அப்போது அவர் கையில் இல்லாதது எது என்று உங்களுக்குத் தெரியும். இல்லாததைக் கொண்டு இருப்பதை அறியும் அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பெலோட் உங்களுக்கு வந்துவிட்டது.