நிரந்தரம் என்னும் சொல்



வெள்ளி விழா மேடையில் அயல்நாட்டுக் குடியேற்ற விதிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் நம் வீட்டுப் பட்டதாரிகள் இன்று இலண்டனுக்கு விண்ணப்பம் எழுதுகின்றார்கள், ஆதலால் பேசுகின்றோம்.

நிரந்தரம் என்ற சொல்லின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 24 மாதங்களில் 480 நாள்கள் உழைத்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கூறிற்று. நாள்கணக்கு நிறையும் தறுவாயில் நிறுத்தப்பட்டு, மறுமாதம் புதியவர் போலச் சேர்க்கப்பட்ட தந்தையரை நம் தெருக்கள் அறியும்.

கணக்கை நடுவில் மாற்றும் அவ்வித்தை பிரிட்டனிலும் நிகழ்ந்தது. 2002-இல் உயர்திறன் பெற்றோரை அந்நாடு தனித் திட்டம் ஒன்றின்வழி அழைத்தது. படிப்பு, அனுபவம், ஊதியம் ஆகியவற்றிற்குப் புள்ளிகள். பிரிட்டனையே முதன்மை இருப்பிடமாகக் கொள்வோம் என்று வருவோர் ஒப்ப வேண்டும். நான்காண்டு கழிந்தால் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கோரலாம். (இது குடியுரிமை அன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) இதனை நம்பி, இருந்த வேலையை விட்டுச் சென்றவர் பலர். 2006 ஏப்ரலில் நான்கு ஐந்தாயிற்று. நவம்பரில் புள்ளிக் கணக்கே மாறிற்று. முன்பே குடியேறியவரும் புதிய கணக்கில் தேறினால்தான் விசா நீட்டிப்பு. அதில் இளவயதுக்குத் தனிப் புள்ளி! நாற்பதைக் கடந்தவர் என் செய்வர்?

அவர்கள் சங்கமாய்த் திரண்டு வழக்குத் தொடுத்தனர். முன்னரே வந்தோர்மீது புதிய கணக்கைச் சுமத்தியது சட்டத்திற்கு ஒவ்வாது என்று 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் நான்காண்டுக் கணக்கும் மீண்டது. விதியை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. வாக்குக் கொடுத்து வரவழைத்தவரிடம் மாற்றலாமா என்பதே வழக்கு.

2025 மே மாதம் அவ்வரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பொதுவான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக்க முன்மொழிந்தது. முன்பே சென்றோரின் கதி என்ன என்ற கேள்வி மறுபடி எழுந்தது. பழைய தீர்ப்பு எல்லாத் திட்டத்திற்கும் தானாகப் பொருந்தாது. அன்று வென்றமைக்குக் காரணம், அரசு தந்த உறுதி எழுத்தில் இருந்தமையே.

ஆகவே புறப்படும் இளைஞர்கள், விண்ணப்பித்த நாளில் இருந்த விதியைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், ஊதியச் சீட்டு, அலுவலகக் கடிதம் ஒன்றையும் எறியாதீர்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பி அன்னையின் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். நம் சங்க நூலகத்தில் ஞாயிறு மாலைதோறும் இத்தாள்களைப் படித்து விளக்க நாங்கள் இருப்போம். வரும்போது மூலத்தாளைக் கொண்டு வாருங்கள்.