மின்சாரமும் வெப்பமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாளையாற்றைக் கடந்து பிழைப்பை நாடிக் கஞ்சிக்கோட்டிற்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிடுவது மின்சார மோட்டாரே. ஆலையில் நாம் ஓட்டும் இயந்திரமும், ஊரில் நம் தந்தையர் கிணற்றடியில் வைத்த பம்புசெட்டும் அதனாலன்றோ இயங்குகின்றன! ஆதலின் அதைப் பற்றியே இன்று சில கூற விழைகிறோம்.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. 1932-இல் பைக்காரா மின்திட்டம் செயற்பட்டபின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. 1937-இல் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து உருவாக்கிய மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் பெயர் பெற்றது.

ஆயினும், கோடையில் பயிர் வாடும் வேளை பார்த்து மோட்டார் புகைந்து நின்றதைக் காணாதவர் நம்மில் யார்? காயில் கட்டக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் அதே நீரை இறைக்க மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. ஓட்டம் 10 விழுக்காடு ஏறினால், சுருளில் எழும் வெப்பம் 21 விழுக்காடு ஏறும்.

தீங்கு அத்துடன் நிற்பதில்லை. செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை வளர்கிறது. தடை வளர்ந்தால் வெப்பம் மேலும் எழுகிறது. மின்சாரம் வெப்பத்தைப் பெறுகிறது; வெப்பமோ மின்சாரத்தின் கணக்கையே திருத்திவிடுகிறது. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கணக்கிட்டால் விடை பிழையாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு மோட்டாரைக் கொள்வோம். 30 டிகிரியில் அதன் சுருள் 200 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒவ்வொரு வாட்டுக்கும் சூடு 0.4 டிகிரி ஏறுமெனில், சுருள் 110 டிகிரியை எட்டும். 'பி' வகுப்புக் காப்புப்பொருள் 130 டிகிரி தாங்குமாதலின், அச்சமில்லை என்று நாம் ஏட்டை மூடிவிடலாம். ஆனால் 110 டிகிரியில் தடை வளர்ந்து, 200 வாட் 260 ஆகிவிட்டதே! மறுபடி கணக்கிட்டால் 134 டிகிரி. அடுத்த முறை 141. இப்படியே சென்று 145-ஐ ஒட்டித்தான் கணக்கு நிலைபெறுகிறது. எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. முதற்கணக்கை நம்பியவனின் மோட்டார் எரிவதில் வியப்பென்ன?

இன்று இப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. மோட்டாரைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, காந்தப்புலத்தையும் மின்னிழப்பையும் ஒரு கணக்கு காண்கிறது. அவ்விழப்பைப் பெற்று, எவ்விடம் எவ்வளவு சுடும் என்பதை மற்றொரு கணக்கு காண்கிறது. இரு கணக்கப்பிள்ளைகள் ஏடுகளை மாற்றிக்கொண்டு சரிபார்ப்பதுபோல, விடை அசையாதவரை இவை தம்முள் பேசிக்கொள்கின்றன. மின்சாரத்தின் ஓர் அலை முடிய 20 மில்லிவினாடி போதும். சுருள் முழுச்சூடு அடையவோ மணிக்கணக்காகலாம். ஆகவே ஒவ்வோர் அலையையும் தொடராமல், இழப்பின் சராசரியையே வெப்பக் கணக்கிற்கு ஈகின்றனர். மின்வண்டிகளில் உள்ள நியோடிமியக் காந்தங்கள் சூட்டில் வலிமை குன்றுவதால், அங்கு இவ்விணைப்பு இன்னும் இன்றியமையாததாகிறது.

எனினும், கணிப்பொறியின் விடையைச் சுருளில் வெப்பமானி பதித்து ஒப்புநோக்க வேண்டும். எரிந்த காயிலைப் பிரித்து, முதலில் கருகியது எவ்விடம் என்று காட்டும் தொழிலாளியின் கண்ணறிவையும் கேட்டறிதல் வேண்டும்.

இளைஞர்களே! 2015-இல் தோன்றிய பாலக்காடு ஐ.ஐ.டி. இன்று நம் கஞ்சிக்கோட்டை ஒட்டிய மலையடிவாரத்தில் நிற்கிறது. உங்கள் தந்தையர் கையால் தொட்டு அறிந்த சூட்டை நீங்கள் கணக்கால் அறியுங்கள். இரண்டறிவும் ஒரே வீட்டில் கூடுமானால், கோடையில் வானத்தைப் பார்த்து நிற்கும் உழவர் குறைவர். அந்நாளைக் காண விழைந்து அமைகிறோம்.