தயிர்சாதத் தொட்டியும் டெட்ராசைக்ளினும்

பன்றிக்கு மருந்து கொடுப்பதைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன். மும்பையில் செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் காபியோடு உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1971-இல் திறந்த தேவனார் அறுப்புக்கூடம் உங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

நான் கால்நடை மருத்துவர். வசாய் பக்கம் பன்றி வளர்க்கிற தாராவிக்காரர் ஒருவர், "டாக்டரம்மா, டெட்ராசைக்ளின் பொடியைத் தீனியிலதான் கலக்குறேன், இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்றார். தொட்டியை எட்டிப் பார்த்தேன். ஓட்டல் மிச்சம். சாம்பாரில் ஊறிய இட்லி, அதன்மேல் வாளிக்கணக்கில் தயிர்சாதம். "அண்ணாச்சி, நீங்க போட்ட மருந்தைத் தயிர் புடிச்சு வச்சிருச்சு" என்றேன்.

இந்த இடம்தான் எனக்கு அலுக்காத இடம். தயிரிலுள்ள கால்சியம் டெட்ராசைக்ளினோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மருந்தால் குடல் சுவரைத் தாண்ட முடியாது. தயிரே இல்லாத சாதாரணத் தீவனத்தில்கூட, அதே குடும்பத்து ஆக்ஸிடெட்ராசைக்ளின் 100 மில்லிகிராம் கொடுத்தால் பன்றியின் ரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் சாணத்தோடு சாக்கடைக்குப் போய், அங்குள்ள கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவிடும். போதாததற்கு, காய்ச்சல்காரப் பன்றி தீனியை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். கொழுத்த முரடன் அதன் பங்கையும் சேர்த்துத் தின்பான். மருந்து யாருக்கு, தின்பது யார் பாருங்கள்!

அதனால் ஊசி. முதலில் எடை தெரிய வேண்டும். தராசு இல்லையா, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு 1 மீட்டர், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளம் 1.1 மீட்டர். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் 76 கிலோ. அண்ணாச்சி "நூறு இருக்கும்" என்று அடித்துச் சொன்ன பன்றி அது. நீடித்து வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள குப்பியென்றால் ஏழரை மில்லி. ஒரே இடத்தில் 5 மில்லிக்கு மேல் ஏற்றாமல், கழுத்தின் இரு பக்கமும் காதுக்குப் பின்னால் பிரித்துப் போட்டேன். ஊசி குட்டையாக இருந்தால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். நீங்களாகப் போட்டுவிடாதீர்கள் நேயர்களே, கணக்கு புரியட்டும் என்றுதான் சொன்னேன்.

கோலிஸ்டின் என்கிற மருந்தின் கதை தனிக் கதை. அது குடலைவிட்டு நகராது, ஆகவே கழிச்சலுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 2015-இல் சீனப் பன்றிகளிடம் அதற்கு அடங்காத கிருமிகளின் மரபணு பிடிபட்டது. 2019-இல் உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுக்க இந்தியா தடை விதித்தது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பு மருந்தாயிற்றே!

நேரம் நெருக்குகிறது. குப்பியில் வேறு கெடு எழுதியிராவிட்டால், கடைசி ஊசிக்குப் பின் இறைச்சிக்கு அறுக்க 28 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது நம் மருந்துச் சட்ட விதி. அந்தக் கெடு முடியும் தேதியை அண்ணாச்சி கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்தார். தேவனாருக்கு லாரி ஏற்றும் மற்றவர்களும் எழுதிவைப்பார்கள் என்று நம்புகிறேன்.